பாவும் தாரும் கொஞ்சம் ஜாவாவும்

எங்க ஆரணியில கூலிக்கு நெய்யிறவங்க பட்டு நூல் வாங்க அலையறதில்லை. பாவு, ஊடை, ஜரிகை எல்லாம் முதலாளியோ சங்கமோ கொடுத்துடும். நெய்யிறதுதான் தறிக்காரர் வேலை. பொட்டி தட்டுற நாம இதைத்தான் 'டிபென்டென்சி இஞ்செக்‌ஷன்'னு பந்தாவா சொல்றோம் :-) 2004-ல மார்ட்டின் ஃபௌலர் எழுதின கட்டுரையால நிலைச்ச பேரு.

பிரவுசர்ல இருந்து வர்ற பேராமீட்டரையும் இப்படிக் கைக்கே வரவழைக்கலாம். நெசவாளர் எண்ணைக் கொடுத்தா கூலி பாக்கி காட்டுற ஒரு பக்கம்னு வச்சுக்குங்க. ஸ்பிரிங்ல @ரிக்வெஸ்ட்பேராம் இருக்கு, ஆனா அது கன்ட்ரோலர் வாசலோட நின்னுடும். உள்ளே கணக்குப் போடுற கிளாசுக்கும் அந்த எண் வேணுமே?

கூகிள் 2007-ல வெளியிட்ட கைஸ்ல (எழுதுறதுதான் அப்படி, கூப்பிடுறது 'ஜூஸ்') வழி சுலபம். @நெசவாளர்எண்னு சொந்தமா ஒரு அனொட்டேஷன் செய்யுங்க. தமிழ்ப் பேர் வச்சாலும் ஜாவா ஏத்துக்கும்! அதன் தலையில @குவாலிஃபையர் போடுங்க, ரன்டைம்லயும் அது நிலைக்கிற மாதிரி ரிடென்ஷன் கொடுங்க. மாட்யூல்ல ஒரு @ப்ரொவைட்ஸ் மெத்தட், ரிக்வெஸ்டைத் திறந்து எண்ணை எடுத்துக் கொடுக்கும். அவ்ளோதான். கணக்கு கிளாஸ் கன்ஸ்ட்ரக்டர்ல அந்தச் சீட்டை ஒட்டினா எண் தானா வந்து விழும்.

இங்கதான் சூதானமா இருக்கணும். ஒரு பாவுல பல புடவை நெய்யலாம்; தார் அப்படியில்ல, தீரத் தீர நாடாவுல மாத்திக்கிட்டே இருக்கணும். சிங்கிள்டன் கிளாஸ் பாவு மாதிரி, பேராமீட்டர் தார் மாதிரி. சிங்கிள்டனோட கன்ஸ்ட்ரக்டர் ஒரே தடவைதான் ஓடும். முதல் ஆள் வரும்போது அது உருவானா, அவர் எண்ணே அதுக்குள்ள தங்கிடும். அடுத்து வர்ற அத்தனை பேருக்கும் அவர் கூலி பாக்கிதான் தெரியும். தனியா உக்காந்து டெஸ்ட் பண்ற வரைக்கும் இது கண்ணுலயே படாது.

மருந்து: எண்ணை நேரா வாங்காம, ப்ரொவைடரா வாங்குங்க. தேவைப்படுறப்போ ஒவ்வொரு தடவையும் கெட்() கூப்பிட்டா, அந்த ரிக்வெஸ்டோட எண் கிடைக்கும்.

இன்னொண்ணு. பிரவுசர்ல யார் வேணும்னாலும் எண்ணை மாத்தித் தட்டலாம். ஃப்ரேம்வொர்க் கொண்டுவந்து கொடுத்ததாலேயே அது சுத்தமான சரக்கு ஆகிடாது. லாகின் செஞ்ச ஆளும் எண்ணும் ஒண்ணுதானான்னு பார்த்துட்டுக் கணக்கைக் காட்டுங்க. ராப்பகலா மிதிச்சுச் சேர்த்த கூலிங்க அது!

டிஸ்கி: ஆணி புடுங்குற நேரத்துல எழுதலைங்க, இன்னிக்கு லீவு :-)