தோல் வாடையும் ஹக்கா நூடுல்ஸும்

ஆம்பூர்னு சொன்னதும் உங்களுக்கு பிரியாணிதானே ஞாபகம் வரும்? எனக்கு அப்பா சட்டையில இருக்கும் தோல் வாடை. அவர் டேனரித் தொழிலாளி. காலேஜ்ல யார் கேட்டாலும் "கம்பெனி வேலை"ன்னு முடிச்சுடுவேன்.

போன மாசம் காட்பாடியில ஒரு தள்ளுவண்டிக் கடை. நானும் கொல்கத்தா நண்பனும் மோமோ, ஹக்கா நூடுல்ஸ் வாங்கினோம். மெல்லிசான மாவுக்குள்ள முட்டைக்கோஸ். தொட்டுக்க, கண்ணுல தண்ணி வரவைக்கும் சிவப்புச் சட்னி. நம்ம கொழுக்கட்டைக்கு ஒன்னுவிட்ட தம்பின்னு வச்சுக்குங்களேன்.

"ஹக்கான்னா என்னடா?"ன்னு கேட்டேன். சீனாவிலிருந்து கொல்கத்தா வந்த ஒரு சமூகமாம். டாங்ரா பகுதியில டேனரி நடத்தியவங்க. இன்னைக்கு அந்த ஏரியா சைனீஸ் சாப்பாட்டுக்குப் பேர் போனது. அப்புறம் தேடிப் பார்த்தேன். பாலாற்றைக் கெடுத்ததுக்காக நம்ம பக்கத்து டேனரிகள் மேல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 1996-ல. டாங்ரா டேனரிகளை இடம் மாத்தச் சொன்னதும் அதே வருஷம்!

ஆனா அன்னைக்கு, அவன் சொல்லி முடிச்சதும், "எங்கப்பாவும் டேனரிலதான்டா"ன்னு என் வாய்ல தானா வந்துடுச்சு. அவன் கடைசி மோமோவை என் பக்கம் தள்ளினான். அவ்வளவுதான். இதுக்கா இத்தனை நாள் மறைச்சேன்?

அன்னைக்கு ஊருக்குப் போற ரயில்ல என் கையில ஒரு நூடுல்ஸ் பார்சல். அப்பாவுக்கு.