போய் வருகிறேன்

பிரதோஷ வேளை மாலை 4.30 முதல் 6 மணி வரையே. கோயிலுக்குப் புறப்படும் நேரத்தில் அண்டை வீட்டுப் பெரியவர் பேசத் தொடங்கினால், சிலர் கடிகாரத்தைப் பார்ப்பர்; சிலர் இல்லாத வேலையைச் சொல்லி நழுவுவர். முன்னது மனத்தைப் புண்படுத்தும், பின்னது பொய்.

திருக்குறளின் 10-ஆம் அதிகாரம் இனியவை கூறல்; 20-ஆம் அதிகாரம் பயனில சொல்லாமை. பேச்சை நிறுத்துவதிலும் இனிமை வேண்டும் என்பதற்கு இவ்விரண்டையும் சேர்த்தே கொள்ளலாம்.

துணையை இழந்து, பிள்ளைகள் தொலைவில் வாழ, தனித்திருக்கும் முதியவருக்கு அன்றைய நாளின் முதல் பேச்சே அதுவாக இருக்கக்கூடும். ஆகவே அவர் சொன்னதைச் செவிமடுத்ததற்கு அடையாளமாக, "முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னீர்களே, நாளைக் காலை வந்து முழுவதும் கேட்கிறேன். இப்போது நந்திக்கு அபிஷேகம் தொடங்கிவிடும்" என்று கைகூப்பலாம். நடக்க இயன்றவராயின், "நீங்களும் வாருங்களேன்" என்று உடன் அழைக்கலாம். இயலாதவராயின், திரும்பும்போது திருநீறு கொண்டுவந்து தரலாம்.

தமிழர் விடைபெறும்போது "போகிறேன்" என்பதில்லை. "போய் வருகிறேன்" என்பதே மரபு. மறுநாள் அவர் வாசலில் சென்று நின்றால்தான் அச்சொல் மெய்யாகும்.