கோவிவனும் நம் வீட்டுக் கறுப்பனும்

ஏழாம் நூற்றாண்டில் நம் பக்கத்து நிலத்தில் ஒரு நாய்க்குப் பெயர் இருந்தது. அந்தப் பெயர் கல்லில் வெட்டப்பட்டு இன்றும் நிற்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர் நடுகல் அது. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், எருமைகளுக்காக நடந்த பூசலில் மாண்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்தது. வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளனைக் கடித்துக் காத்திருந்தது என்றும் கல்வெட்டு தனியே சொல்கிறது.

நடுகல் பாடம் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கல்லைச் சொல்லாமல் விட்டதில்லை. மாணவர்களைத் தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு அழைத்துச் சென்று நடுகற்களைக் காட்டுவதும் வழக்கம். தன் நாயின் பெயரையும் செயலையும் எழுதி வைத்த சமூகம் என்று பெருமையோடு முடிப்போம். 2024 ஆடி மாதத்துக்குப் பிறகு அந்தப் பாடத்தைப் பழைய குரலில் நடத்த நம்மால் இயலவில்லை.

நம் வீடு ஊருக்கு வெளியே, ஊராட்சி எல்லைக்குள் இருக்கிறது. வீடு கட்டும்போது வந்து ஒட்டிக்கொண்ட குட்டி கறுப்பன். வாசலில் கிடப்பான், இரண்டு வேளை சோறு உண்டு. ஒரு முறை கால்நடை மருந்தகத்தில் ஊசி போட்டோம். எந்த ஆண்டு என்று கேட்டால் தெரியாது. கொடுத்த அட்டையும் வீட்டில் இல்லை.

பக்கத்துத் தெருச் சிறுவன், மூன்றாம் வகுப்புப் படிப்பவன், சுற்றுச்சுவருக்குள் விழுந்த பந்தை எடுக்க வந்தான். கறுப்பன் அவன் கெண்டைக்காலைக் கவ்விவிட்டான். குழாயடியில் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவினோம். பையனின் தாய் சாமந்தித் தோட்டத்துக் கூலி வேலையிலிருந்து ஓடி வந்தார். மூவருமாக மருத்துவமனைக்குப் போனோம்.

செவிலியர் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்: "வீட்டு நாயா, தெரு நாயா? ஊசி போட்டிருக்கா?"

ஒரு கணந்தான். ஊசியைப் பற்றி அடுத்த கேள்வி வரும், அட்டை கேட்பார்கள், நாளை ஏதாவது ஆகிவிட்டால் நம்மைத்தான் பிடிப்பார்கள் என்றெல்லாம் அந்த ஒரு கணத்தில் ஓடியது. "வாசல்ல கிடக்கும். தெரு நாய்தான்" என்றோம். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். பையனின் தாய் நம்மை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அன்று ஓர் ஊசி. பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். நான்கு நாள் கூலி அந்த வீட்டுக்கு இல்லை.

வெறிநோய் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைத்தவர் அரிது. 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கும் வரை, கடிபட்ட தென்னாட்டவர் இமயத்தடிக் கசௌலி வரை போக வேண்டியிருந்தது. இன்று மருந்து அருகிலேயே கிடைக்கிறது. ஆனால் ஒன்று: கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்க வேண்டும். பத்து நாள் கழித்தும் அது நலமாக இருந்தால் கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று கொள்ளலாம். வீட்டு நாயா என்று செவிலியர் கேட்டது நம்மைக் குற்றவாளியாக்க அன்று. கவனிக்க ஓர் ஆள் உண்டா என்று அறிய. தெரு நாய் என்று நாம் சொன்னதும் அந்த ஆள் இல்லாமற்போனார்.

மறுநாள் காலை, வேலைக்குப் போகும் வழியில், அந்தத் தாய் நம் வாசலில் நின்றார். கறுப்பன் கிண்ணத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். "ஒண்ணுமில்ல சார். உசுரோட இருக்குதா, தண்ணி குடிக்குதான்னு பாத்துட்டுப் போலாம்னு." மறுநாளும் வந்தார். நாம் கைகழுவிவிட்ட காவலை அவர் செய்துகொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் ஊசியின்போது செவிலியரிடம், "அது நம் வீட்டு நாய்தான், திருத்திக்கொள்ளுங்கள்" என்றோம். அவர் நிமிர்ந்தும் பார்க்காமல் அடித்து எழுதினார். அந்தத் தாயிடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல இன்னும் இரண்டு நாள் பிடித்தது. "தெரியும் சார்" என்றார். பத்து நாள் கடந்தது. கறுப்பன் நலமாக இருந்தான். பையனும் நலம்.

அதே ஆண்டு மே மாதத்தில் சென்னை ஆயிரம்விளக்குப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறிய செய்தியை நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 50 ரூபாய்தான். தடுப்பூசிச் சான்று இல்லாமல் உரிமம் இல்லை. 2025 இறுதியில், உரிமம் பெறாதவருக்கு 5,000 ரூபாய் அபராதம் என்றும், நாயின் தோலுக்கடியில் மின்சில்லு பொருத்த வேண்டும் என்றும் மாநகராட்சி அறிவித்தது. நாய்க்குக்கூட வரியா என்று பலர் சிரித்தார்கள். முன்பாக இருந்தால் நாமும் சிரித்திருப்போம். உரிமம் என்பது நாயைப் பற்றிய தாள் என்றே நினைத்திருந்தோம். அது நம்மைப் பற்றிய தாள்: இது என்னுடையது, இதற்கு நான் பொறுப்பு என்று முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது. ஆபத்து வந்த நேரத்தில் பொய் சொல்ல இடம் வைக்காத தாள்.

தாள் மட்டும் போதாது என்பதும் உண்மை. பிரிட்டனில் நாய் உரிமத்தை 1987இல் எடுத்தே விட்டார்கள். கட்டணமாக வந்ததைவிடத் தண்டும் செலவு மிகுதி. அதே நாட்டின் இங்கிலாந்துப் பகுதியில் 2016இல் நாய்க்கும், 2024இல் பூனைக்கும் மின்சில்லு கட்டாயமாயிற்று. பூனையை நினைத்தால்தான் நமக்குத் திகைப்பு. நம் புத்தக அலமாரியின் அடித்தட்டில் குட்டி போட்ட பூனை மூன்று வீடுகளில் பால் குடிக்கிறது. அதற்கு எந்த வீட்டார் கையெழுத்திடுவது? நம் ஊர்களில் சோறு போடுகிறவர் பலர், உடையவர் எவருமில்லை. அன்பு குறைவு என்று சொல்ல முடியாது. பெயரைக் கொடுக்கத்தான் தயக்கம்.

இருபத்தெட்டாம் நாள் கழிந்ததும் உள்ளாட்சி அலுவலகம் ஒன்றில் போய்க் கேட்டோம். "நாய்க்கா சார்? அதுக்குப் படிவம் எதுவும் இங்க இல்லியே" என்று எழுத்தர் வியந்தார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. இதுவரை எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். நேரே கால்நடை மருந்தகம் போய்க் கறுப்பனுக்கு ஊசி போட்டு, அட்டை வாங்கினோம். பெயர், நிறம், வயது என்று எழுதி வந்த மருத்துவர் 'உரிமையாளர்' என்ற இடத்தில் நிறுத்தி நம்மைப் பார்த்தார். பெயரைச் சொன்னோம்.

அட்டையைச் சட்டமிட்டு மாட்டவில்லை. மின்கட்டண அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறோம். ஆண்டுக்கொரு முறை எடுக்க வேண்டும். கோவிவனின் பெயரைக் கல்லில் வெட்டியவர்கள் அது கடித்ததையும் சேர்த்தே வெட்டினார்கள். நம் அட்டையில் அதற்கு இடமில்லை. ஆதலால் இங்கே எழுதி வைத்தோம்.