ராத்திரி எட்டு மணிக்கு சோலார்

"இவ்வளவு வெயில் அடிக்குற ஊர்ல இன்னும் எதுக்குங்க நிலக்கரி?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016-லேயே வந்துவிட்டது. கோடைப் பகலில் ஊரே ஏசி போடும்போது அது பெரிதும் கை கொடுக்கும்.

சிக்கல் பொழுது சாய்ந்த பிறகு. ஏழு மணிக்கு சோலார் உற்பத்தி பூஜ்யம். வீடுகளில் விளக்கு, டிவி, மிக்சி, படுக்கையறை ஏசி எல்லாம் உயிர்பெறுவதோ அப்போதுதான். அணைத்து வைத்த அனல்மின் நிலையத்தை நினைத்தவுடன் ஓட்ட முடியாது. கொதிகலன் சூடேறவே மணிக்கணக்காகும்; அதனால்தான் பகலிலும் நிலக்கரியை எரித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

அதற்காக சோலாரை நம்பமுடியாதது என்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். சூரியன் மறையும் நேரம் பஞ்சாங்கத்திலேயே இருக்கிறதே! திடீரென்று பழுதாகி நிற்கும் அனல் யூனிட்டுக்கு அந்த நாணயம்கூடக் கிடையாது. குறை சேமிப்பில்தான். கோவை மாவட்டம் கடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் 1980-களிலேயே கட்டினோம். உபரி மின்சாரத்தில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் ஏற்பாடு. அதன்பிறகு ஏன் இத்தனை மந்தம்?

கலிபோர்னியாவில் 2020 ஆகஸ்டில், இதே மாலை நேரத்தில்தான் சுழற்சி முறையில் மின்வெட்டு செய்தார்கள். அடுத்த நான்கே ஆண்டுகளில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் பேட்டரி வைத்துவிட்டார்கள்.