ஆறிய கொம்பு

சென்ற மாதம் ஒரு மாலை, எட்டு வயது மகன் உதடு வீங்கிப் பள்ளியிலிருந்து வந்தான். பெரிய வகுப்புப் பையன் ஒருவனோடு சண்டை. "நீ திருப்பி அடிச்சியா?" என்பதே நான் கேட்ட முதல் கேள்வி. அவன் பதில் சொல்லவில்லை. தன் பிளாஸ்டிக் டைனோசர்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சற்று நேரம் கழித்து, "அப்பா, டி.ரெக்ஸும் ட்ரைசெராடாப்ஸும் சண்டை போட்டா யாரு ஜெயிப்பாங்க?" என்றான்.

அவன் வயதில் எனக்கும் இருந்த கேள்விதான். சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்துக்காகச் சார்லஸ் நைட் 1920களின் பிற்பகுதியில் தீட்டிய ஓவியத்தை ஒரு நூலகப் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். இரு விலங்குகளும் எதிரெதிரே நிற்கின்றன; இன்னும் மோதவில்லை. புலியும் களிறும் பொரும் குறிஞ்சிப் பாடல்களை வாசித்த மனத்துக்கு மீதியைக் கற்பனை செய்துகொள்வது எளிது.

இரண்டும் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவின் மேற்கில் சேர்ந்து வாழ்ந்தவை. ஒன்றுக்கு எலும்பை நொறுக்கும் தாடை. மற்றதற்குக் கண்ணுக்கு மேல் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளக் கொம்புகள். எடையிலும் பெரிய வேறுபாடில்லை. ஆனால் எலும்புகள் நாம் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. 1996இல் விவரிக்கப்பட்ட ஒரு ட்ரைசெராடாப்ஸ் இடுப்பெலும்பில் டைரனோசாரஸின் பல்தடங்கள் ஏராளம். ஆறியதன் அடையாளம் ஏதுமில்லை. கொன்று தின்றதா, செத்துக் கிடந்ததைத் தின்றதா என்று அந்தத் தடங்களை வைத்துச் சொல்ல முடியாது. அவை சொல்வது ஓர் உணவைப் பற்றி மட்டுமே.

2008இல் ஜான் ஹாப் விவரித்த மண்டையோடு வேறு வகை. அந்த ட்ரைசெராடாப்ஸின் கொம்பு கடிபட்டு முறிந்திருக்கிறது. பல்தடங்கள் டைரனோசாரஸின் பற்களோடு பொருந்துகின்றன. முறிந்த இடத்தில் புது எலும்பு வளர்ந்திருக்கிறது. அதாவது, அந்த விலங்கு அதன் பிறகும் உயிரோடு இருந்திருக்கிறது.

இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஓர் எண்ணம். இறந்தவற்றின் எலும்பில் காயத்தை மட்டுமே காண்கிறோம். சண்டை நடந்தது என்பதற்குச் சாட்சி, பிழைத்து ஆறிய எலும்புதான். அதுவும் வென்றது யார் என்று சொல்வதில்லை.

மகனிடம் அந்தக் கொம்பைப் பற்றிச் சொன்னேன்.

"அப்ப ட்ரைசெராடாப்ஸ்தான் ஜெயிச்சுதா?"

"அது தெரியாதுப்பா. பொழைச்சுது. கொம்பும் ஆறிடுச்சு."

"வலிச்சிருக்குமா?"

"ரொம்ப வலிச்சிருக்கும்."

உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். வீட்டுக்குள் வந்தவுடன் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது என்பது அப்போதுதான் உறைத்தது. கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, அந்தப் பையனைப் பற்றி அவனாகவே சொல்லத் தொடங்கினான்.