பனையும் பூவரசும்

வேலணையில் அப்பாச்சி நட்ட பனை வீழ்ந்தபோது, அவர் நினைவாக அப்பலகையிலேயே தாமரை செதுக்கித் தலைவாசலிற் பொருத்த எண்ணினான் பேரன். உளி பட்டதும் நார் பிரிந்து இதழ் பிளந்தது.

“தம்பி, பனை கூரையைத் தாங்கும், பூவைத் தாங்காது” என்றார் ஆசாரியார்.

பனைக்கு ஆண்டு வளையங்கள் இல்லை. மென்மையான சோற்றினூடே வன்மையான கருநார்கள் ஓடுகின்றன. நுண்ணிழை கொண்ட பூவரசோ உளிக்கு இணங்குவது; ஹவாய்த் தீவினர் கிண்ணங்கள் குடைந்ததும் அம்மரத்திலேதான்.

வேலியோரத்து முதிர்ந்த பூவரசை அறுத்து, நிழலில் ஓராண்டு உலர்த்தி, இழையின் போக்கறிந்து பின்புலத்தைத் தாழ்த்தினான். தாமரை மெல்ல மேலெழுந்தது. பனையும் வீண்போகவில்லை, சலாகையாகிக் கூரையேறியது. அதன் நிழலிலே பூ மலர்ந்தது. மரத்தின் இயல்பறிந்து இடமளிப்பதே அதற்குச் செய்யும் மரியாதை என்பதை அவனுடைய கைகளே அவனுக்குக் கற்பித்தன.