திசை மாற்றும் வெப்பம்

ஏழடி உயர முருகன் திருமேனியால் புகழ்பெற்றது வல்லக்கோட்டை. இன்று அவ்வூரைச் சூழ்ந்து நிற்பவை ஒரகடத்து ஊர்தித் தொழிற்சாலைகள். விடியலில் பணிக்குப் புறப்படுவோர் வீட்டில் ரைஸ் குக்கரில் அரிசியை இட்டு விசையை அழுத்திவிட்டு வேறு வேலை பார்ப்பர். சோறு வெந்ததும் 'டக்' என்ற ஒலியோடு விசை தானே விடுபடும். வெந்த பதம் அதற்கு எப்படித் தெரிந்தது?

அத்தகைய குக்கர்கள் பலவற்றின் அடியில் ஒரு காந்தமும், அது பற்றியிழுக்கும் உலோகக்கலவைத் துண்டும் உள்ளன. நீர் இருக்கும்வரை கலத்தின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். நீர் வற்றியதும் வெப்பம் ஏறும்; கலவை தன் காந்தத் தன்மையை இழக்கும்; சுருள்வில் விசையைத் தள்ளிவிடும். ஒவ்வொரு காந்தப் பொருளுக்கும் இவ்வாறு ஓர் எல்லை உண்டென்பதை 1895இல் விரிவாக ஆராய்ந்தவர் பியர் கியூரி. இரும்புக்கு அது 770 டிகிரி. தேர்வடம் பிடித்தோர் அனைவரும் ஒருபுறம் இழுத்தால்தான் தேர் நகரும். ஆளுக்கொரு திசையில் இழுத்தால் நகராது. வெப்பம் மிகும்போது அணுக்காந்தங்களின் நிலையும் அதுவே.

ஆகவே, மின் ஊர்திகளுக்கு மோட்டார் செய்வோர்க்கு வெப்பம் பகை. நியோடிமியக் காந்தம் கியூரி எல்லையைத் தொடுமுன்பே வலுவிழக்கத் தொடங்குவதால், டிஸ்புரோசியம் என்னும் விலைமிகு தனிமத்தைச் சேர்க்க வேண்டியுள்ளது.

அதே பகையைத் துணையாக்கிக் கொண்டனர் கணினி வன்தட்டு செய்வோர். குறைந்த இடத்தில் மிகுந்த தகவலைப் பதிக்கக் காந்தத் துகள்கள் மிகச் சிறியனவாக வேண்டும். சாதாரணத் துகள் அவ்வளவு சிறுத்தால் அறை வெப்பமே அதன் திசையைக் கலைத்துவிடும். எளிதில் திசை மாறாத இரும்பு–பிளாட்டினக் கலவையோ எழுதுமுனையின் காந்தப்புலத்துக்கு இணங்காது. பூட்டு உறுதியானால் சாவியும் நுழையவில்லை என்ற கதைதான்! எனவே லேசர் ஒளியால் நுண்புள்ளி ஒன்றை நொடிப்பொழுதினும் மிகக் குறைந்த நேரம் சுடவைத்து, அது இளகிய நிலையில் திசையைத் திருப்பி, ஆறவிடுகின்றனர். இம்முறையில் 30 டெராபைட்டுக்கு மேல் கொள்ளும் வன்தட்டுகளை 2024இல் சீகேட் நிறுவனம் அறிவித்தது.

திசைக்குத் திசை காந்தப் பண்பு வேறுபடுவதைப் படிகங்களில் நுட்பமாய் அளந்தவர் தமிழரே. வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், 1928 முதல் 1933 வரை டாக்காவில் பணியாற்றியபோது, மெல்லிய குவார்ட்சு இழையில் படிகத்தைத் தொங்கவிட்டு அதன் காந்தச் சாய்வை அளந்தார். இழையும் பொறுமையுமே அவருடைய பெருங்கருவிகள்.

2012இல் இன்னொரு வியப்பு வெளிவந்தது. கடோலினியம், இரும்பு, கோபால்ட்டு சேர்ந்த கலவையில், புறக்காந்தப்புலம் ஏதுமின்றி, மீக்குறு லேசர்த் துடிப்பின் வெப்பம் மட்டுமே காந்தத் திசையைப் புரட்டப் போதுமானது எனத் தாமஸ் ஆஸ்ட்லர் உள்ளிட்ட குழுவினர் காட்டினர். இக்கலவையில் இரும்பும் கடோலினியமும் எதிரெதிர்த் திசை நோக்கியவை. சூடு பட்டதும் இரும்பு விரைந்து தளர்கிறது, கடோலினியம் பின்தங்குகிறது. அந்த இடைவெளியில் இரும்பு திசை மாறி, கணநேரம் இரண்டும் ஒரே பக்கம் நோக்கி, பின் கடோலினியமும் புரள்கிறது. நொடியை இலட்சம் கோடியாகப் பகுத்தால் அதில் சில பங்குக்குள் முடியும் செயல் இது. ஆனால் அத்துடிப்புக்கு இன்ன திசை என்ற நோக்கமில்லை. மறுமுறை பட்டால் காந்தம் பழைய திசைக்கே திரும்பும். எனவே எழுதுமுன் அங்கே இருப்பது என்னவென்று படித்தறிந்த பின்னரே துடிப்பைச் செலுத்த வேண்டியிருக்கும்.